குளிர்நீர்க் குழாயில் சிக்கிய காற்று: எதை வாங்குவது, எங்கே வைப்பது?

பழைய மகாபலிபுரம் சாலையிலோ கிண்டியிலோ அலுவலகக் கோபுரம் ஒன்றைப் பராமரிப்பவர்களுக்குத் திங்கட்கிழமைக் காலைப் புகார் மனப்பாடம். மேல் இரண்டு மாடிகளில் ஏ.சி.யிலிருந்து காற்று வருகிறது, குளிர் வரவில்லை. ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே குழாய் களகளவென்று கொப்பளிக்கிறது. கீழ் மாடிகளில் ஒரு குறையும் இல்லை. டெக்னீஷியன் ஏணியைத் தூக்கிக்கொண்டு போய், குளிர்நீர் ஓடும் குழாய்ச்சுருளான காயிலின் வென்ட்டை, அதாவது காற்றை வெளியேவிடும் சிறு வால்வைத் திறக்கிறார். உஸ்ஸென்று காற்று, பிறகு துப்பித் துப்பித் தண்ணீர், பிறகு சீரான ஒழுக்கு. மதியத்துக்குள் மாடி குளிர்ந்துவிடுகிறது. அடுத்த திங்கட்கிழமை அதே ஏணி, அதே மாடி.

சில மாதங்கள் இப்படி ஓடிய பிறகு விஷயம் மேலாளரின் மேஜைக்கு வருகிறது. கையால் திறக்கும் வென்ட்டுகளை அதிகப்படுத்தலாம் என்பார் ஒருவர். தானியங்கி வென்ட் போடுங்கள் என்பார் இன்னொருவர். பிளம்பிங் ஒப்பந்ததாரர், ஓடும் நீரிலிருந்து குமிழியைப் பிரிக்கும் ஏர் செபரேட்டருக்கு விலை கொடுப்பார். வெளிநாட்டுக் கருவி விற்பவர், கரைந்த காற்றையும் வெற்றிடத்தால் எடுக்கும் வேக்குவம் டீகேசரின் படத்தைக் காட்டுவார். விலை நூறுகளில் தொடங்கி லட்சங்களில் போய் நிற்கும். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான்கில் எதை வாங்குவது என்பது இரண்டாவது கேள்வி. உச்சி மாடிக் குழாய்க்குள் அழுத்தம் எவ்வளவு, வாங்கும் கருவி எந்த உயரத்தில் உட்காரப் போகிறது என்ற இரண்டையும் தெரிந்துகொள்ளாமல் விலைப்பட்டியலைத் திறப்பதே வீண்.

சூட்டுக்கு எழுதிய பாடம்

நீரைக் குழாயில் சுழலவிட்டுக் கட்டடத்தைச் சூடாக்கும் முறை ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் வேரூன்றியது. காற்று நீக்கும் கருவிகளும் அவற்றின் கையேடுகளும் பெரும்பாலும் அந்த முறையை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அங்கே பாய்லரிலிருந்து 80 டிகிரி நீர் கிளம்பி 60 டிகிரியில் திரும்பி வரும். நீர் சூடேறினால் அதில் கரைந்திருக்கும் காற்று பிரியும். நீரின் மேல் உள்ள அழுத்தம் குறைந்தாலும் பிரியும். இரண்டாவதை வில்லியம் ஹென்றி 1803-லேயே விதியாக எழுதிவைத்தார். கோலி சோடாவின் குண்டை உள்ளே தள்ளியதும் பொங்குகிறதே, அதே விதிதான். பாய்லரை விட்டு வெளியேறும் இடத்தில்தான் நீர் மிகச் சூடாக இருக்கும் என்பதால், செபரேட்டரை அங்கே வை என்று கையேடு சொல்கிறது. அந்த ஊருக்கு அது சரி.

சென்னையில் ஓடுவது குளிர்நீர். நீரைக் குளிரவைக்கும் சில்லர் இயந்திரத்திலிருந்து 7 டிகிரியில் கிளம்பி, மாடிகளின் வெப்பத்தை வாங்கிக்கொண்டு 12 டிகிரியில் திரும்புகிறது. கடல் மட்டத்துக் காற்றழுத்தத்தில் 30 டிகிரி நீர் லிட்டருக்குச் சுமார் 16 மில்லி லிட்டர் காற்றைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 7 டிகிரி நீர் சுமார் 24 மில்லி லிட்டர். ஆகவே மொட்டை மாடித் தொட்டியிலிருந்து 30 டிகிரியில் நிரப்பிய நீர், குளிர்ந்ததும் இன்னும் காற்றைக் கேட்கும். அடித்தளத்தில் அழுத்தம் அதிகம் என்பதால் அங்கே எதிர்ப்படும் குமிழிகளை எல்லாம் விழுங்கும். அப்படியே மேலே ஏறி, அழுத்தம் குறைந்த உச்சி மாடியில் கக்கும். சனி, ஞாயிறு சில்லர் நிற்கும்போது குழாய் நீர் மெல்ல 28 டிகிரி வரை ஏறினால் அதன் கொள்ளளவு மூன்றில் ஒரு பங்கு குறைந்துபோகும். மிஞ்சிய காற்று எங்கே போகும்? மேலே உள்ள காயிலில் போய்ச் சேரும். திங்கட்கிழமைப் புகாரின் பிறப்பிடம் இதுதான். டெக்னீஷியன் சரியாகத் திறக்கவில்லை என்று அவரைக் கடிந்துகொள்வதில் நியாயமே இல்லை.

ஒரு பிரஷர் கேஜ் சொல்லும் கதை

10.2 மீட்டர் உயர நீர் 1 பார் அழுத்தம். அடித்தளத்துப் பம்ப் அறையிலிருந்து 45 மீட்டர் உயரத்தில் குழாயின் உச்சி இருக்கிறது என்று வையுங்கள். பம்ப் நின்றிருக்கும்போது கீழே உள்ள கேஜ் 4.4 பார் காட்டினால் உச்சியில் குழாய்க்குள் அழுத்தம் பூஜ்யம், அதாவது வெளிக்காற்றின் அளவுதான். 4.2 காட்டினால் உச்சியில் வெற்றிடம் தொடங்கிவிட்டது. அந்த நிலையில் உச்சியில் ஒரு தானியங்கி வென்ட் இருந்தால் அது காற்றை வெளியே விடாது, வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். காற்றுப் பிரச்சினையைத் தீர்க்கப் போட்ட கருவியே காற்றுக்கு வாசலாகிவிடும். வென்ட்டின் மூடியை இறுக்கி அடைத்த பிறகு புகார் குறைந்துபோன கட்டடங்கள் உண்டு; காரணம் இதுதான்.

உச்சியில் 0.3 முதல் 0.5 பார் வரை எப்போதும் இருக்க வேண்டும். மேலே சொன்ன கட்டடத்தில், பம்ப் உறிஞ்சும் பக்கக் கேஜில் 4.9 பாருக்கு அருகில் நின்றால் நிம்மதி. இதைச் சரிசெய்யச் செலவு அநேகமாக எதுவும் இல்லை. குறையும் நீரை ஈடுகட்ட உள்ளே விடும் மேக்கப் நீரின் அழுத்தத்தைத் திருத்தி, நீர் விரிந்து சுருங்க இடம் தரும் எக்ஸ்பான்ஷன் டேங்கின் ரப்பர்ப் பைக்கு வெளியே இருக்கும் காற்றின் அழுத்தத்தையும் அதற்கேற்ப ஏற்ற வேண்டும். டேங்கை நீர் ஓடும் குழாய்ச் சுற்றிலிருந்து பிரித்து, உள்ளே இருக்கும் நீரை வடித்த பிறகே அந்த அழுத்தத்தை அளக்க வேண்டும். நீர் இருக்கும்போது அளந்தால் கேஜ் சுற்றின் அழுத்தத்தைத்தான் சொல்லும். ஆண்டுப் பராமரிப்பு அறிக்கையில் ‘டேங்க் பரிசோதிக்கப்பட்டது’ என்று டிக் அடித்திருப்பார்கள். எப்படிப் பரிசோதித்தீர்கள் என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.

டேங்க் எங்கே இணைந்திருக்கிறது என்பதும் முக்கியம். அது சுற்றில் எந்த இடத்தில் சேர்கிறதோ அந்த இடத்தின் அழுத்தத்தைப் பம்ப் மாற்ற முடியாது என்று பெல் அண்ட் காசெட் நிறுவனத்தில் பணியாற்றிய கில் கார்ல்சன் விளக்கிக் காட்டினார். டேங்க் பம்பின் உறிஞ்சும் பக்கத்தில் இருந்தால், பம்ப் ஓடும்போது அதன் அழுத்தம் முழுவதும் சுற்றில் கூடும். வெளியேற்றும் பக்கத்தில் இருந்தால், உறிஞ்சும் பக்கத்தில் அதே அளவு குறையும். பம்ப் நிற்கும்போது சரியாக இருந்த உச்சி, ஓடும்போது வெற்றிடமாகும். மொட்டை மாடியில் இடம் கிடைத்த மூலையில் டேங்கை வைத்து, அருகில் தெரிந்த குழாயில் இணைத்துவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. அந்தக் குழாய் எது என்று வரைபடத்தில் பார்த்துவிட்டால் பாதிக் கதை தெரிந்துவிடும்.

அண்ணா சாலை, தியாகராய நகர்ப் பழைய கட்டடங்களில் இன்னும் திறந்த தொட்டிகள் இருக்கின்றன. ஃப்ளோட் வால்வு வைத்த சாதாரணத் தொட்டி, ஒரு குட்டி மேடையின் மேல். உச்சிக் குழாயைவிட மூன்று மீட்டராவது உயரத்தில் இருந்தால்தான் 0.3 பார் கிடைக்கும். பல இடங்களில் ஒரு மீட்டர்தான். அதைவிடப் பெரிய குறை, கசிவை அது மறைத்துவிடுவது. எங்கோ ஒரு பம்ப் சீல் சொட்டும், ஃப்ளோட் வால்வு சத்தமில்லாமல் நிரப்பும். லாரித் தண்ணீரோ போர் தண்ணீரோ, உள்ளே போகும் ஒவ்வோர் ஆயிரம் லிட்டரும் 16 லிட்டர் காற்றைக் கரைத்து எடுத்துக்கொண்டுதான் போகும். நீரில் கரைந்த காற்றில் ஆக்சிஜன் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். வெளிக்காற்றில் ஐந்தில் ஒரு பங்குதான். துருப்பிடிக்க இதைவிட நல்ல சாப்பாடு இரும்புக் குழாய்க்குக் கிடைக்காது. மேக்கப் குழாயில் ஒரு சாதாரணத் தண்ணீர் மீட்டர் போடுங்கள். இந்தக் கட்டுரையில் வரும் எல்லாக் கருவிகளிலும் மலிவானதும் நேர்மையானதும் அதுதான்.

கையால் திறப்பதா, தானாகத் திறப்பதா

கைவென்ட்டை ஏளனமாகப் பார்ப்பவர்கள் அதிகம். எனக்கு அதன்மேல் மரியாதை உண்டு. அது தானாகக் கசியாது, தானாகக் காற்றை இழுக்காது, எந்த மாடியில் எவ்வளவு காற்று வந்தது என்று திறப்பவருக்குச் சொல்லிவிடும். கணக்கு வைத்தால் அதுவே நோயறிதல்: காற்று வாரா வாரம் ஒரே அளவு வந்தால் எங்கோ உள்ளே நுழைகிறது, வாரத்துக்கு வாரம் குறைந்தால் பழையது வெளியேறிக்கொண்டிருக்கிறது.

திறக்கும்போது பம்பை நிறுத்திச் சற்று நேரம் விட்டால் குமிழிகள் மேலே வந்து சேரும். ஓடும் நீரில் அவை அடித்துச் செல்லப்படும், நொடிக்கு 0.6 மீட்டர் வேகம் இருந்தாலே நீர் குமிழியைக் கூட்டிக்கொண்டு போய்விடும். இதனால்தான் புதிதாக நிரப்பிய சுற்றைக் கழுவும்போது பம்பை முழு வேகத்தில் ஓட்ட வேண்டும். மின்சாரத்தை மிச்சப்படுத்த, மோட்டார் வேகத்தை மாற்றும் வி.எஃப்.டி. வைத்துப் பம்பைப் பாதி வேகத்தில் ஓட்டும் கட்டடங்களில் காற்று மேடான வளைவுகளில் தங்கிவிடுவதற்கும் இதே வேகக் கணக்குதான் காரணம். வி.எஃப்.டி. கெட்டது என்று சொல்லவில்லை. கழுவும் அன்றைக்கு அதை மறந்துவிட வேண்டும்.

வென்ட்டிலிருந்து பிடித்த நீரைத் தெளிவான பாட்டிலில் வெளிச்சத்துக்கு எதிரே வைத்துப் பாருங்கள். பால் போல் கலங்கியிருந்து, அடியிலிருந்து மேல் நோக்கித் தெளிந்தால் அது நுண்குமிழி. மேலிருந்து கீழாகத் தெளிந்து அடியில் படிவு நின்றால் அது அழுக்கு. கறுப்புப் படிவு காந்தத்தில் ஒட்டினால் உள்ளே இரும்பு கரைந்துகொண்டிருக்கிறது என்று பொருள்; அப்போது வென்ட்டில் வருவது வெறும் காற்றாகவும் இருக்காது. ஆக்சிஜனை இரும்பு தின்றுவிட, மீதி நைட்ரஜனும், அரிப்பில் பிறக்கும் ஹைட்ரஜனும் வரும். தீக்குச்சியைப் பக்கத்தில் கொண்டுபோகும் விளையாட்டு வேண்டாம்.

தானியங்கி வென்ட் ஆள் செலவை மிச்சப்படுத்துகிறது, அதில் மறுப்பில்லை. ஆனால் உள்ளே இருப்பது ஒரு மிதவையும் ஊசி போன்ற வால்வும்தான். துரும்பளவு அழுக்கு மாட்டினாலே மூடாமல் சொட்டும். காயிலும் விசிறியும் உள்ள ஒவ்வோர் எஃப்.சி.யூ.விலும் (ஃபேன் காயில் யூனிட்) ஒன்று என்று நூறு வென்ட்டுகளை ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே வைத்தால், நூறு இடங்களில் கம்ப்யூட்டர் மேஜையின் தலைக்கு மேலே தண்ணீரைத் தொங்கவிட்டதாகத்தான் அர்த்தம். அது வேலை செய்யும் இடம், மாடிகளுக்குச் செங்குத்தாக ஏறும் குழாயான ரைசரின் உச்சி: அடியில் ஓர் அடைப்பு வால்வு, மேலே ஒரு குழாய், அந்தக் குழாய் கண்ணுக்குத் தெரியும் வடிகாலில் முடிவது. இவ்வளவும் செய்தால் ஒரு ரைசருக்கு ஒன்று போதும்.

சென்னையின் ஈரக்காற்றில் இன்னொரு தொல்லை: குளிர்ந்த பித்தளை வென்ட் வியர்க்கும். சீலிங்கில் கறை பார்த்ததும் வென்ட் கசிகிறது என்று ஒருவர் சொல்ல, வெப்பக் காப்பு உறை சரியாகச் சுற்றப்படாமல் வியர்க்கிறது என்று இன்னொருவர் சொல்ல, சண்டை ஏணி வரை வந்துவிடும். சொட்டும் நீரை ஒரு மூடியில் பிடித்து, நீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். பேனாவை அதில் வையுங்கள். வியர்வை காற்றிலிருந்து வடிந்த நீர், அளவு மிகக் குறைவாகக் காட்டும். சுற்றின் நீரில் உப்பும் துருத் தடுப்பு மருந்தும் இருப்பதால் எண் பல மடங்கு மேலே நிற்கும்.

செபரேட்டர்: இடம் தவறினால் இரும்புப் பானை

ஏர் செபரேட்டரில் இரண்டு வகை. நீரைப் பக்கவாட்டில் நுழைத்துச் சுழற்றிக் குமிழியை நடுவில் சேர்ப்பது ஒன்று. உள்ளே வலை வைத்து, நீரின் வேகத்தைத் தணித்து, நுண்குமிழிகளை ஒட்டவைத்துப் பெரிதாக்கி மேலே அனுப்புவது இன்னொன்று. புதிய சுற்றில் பெரிய குமிழிகளைப் பிடிக்க முதல் வகை போதும். நீண்ட நாள் தெளிவுக்கு இரண்டாவது நல்லது. அதற்கு மேல் வகையைப் பற்றி யோசிப்பதைவிட இடத்தைப் பற்றி யோசிப்பது லாபம்.

செபரேட்டர் குமிழியைத்தான் பிடிக்கும். கரைந்திருக்கும் காற்றைப் பிடிக்காது. எனவே குமிழி பிறக்கும் இடத்தில் அது இருக்க வேண்டும். தனக்கு மேலே எவ்வளவு உயரம் நீர் நிற்கலாம் என்று நுண்குமிழி செபரேட்டர்களுக்கு ஒரு வரம்பு உண்டு. 90 டிகிரி வெந்நீரில் அது சுமார் 15 மீட்டர். குளிர்நீரில் ஓரிரு மீட்டராகச் சுருங்கிவிடும். 12 மாடிக் கட்டடத்தின் அடித்தளத்தில், 45 மீட்டர் நீரின் கீழே உட்கார்ந்திருக்கும் செபரேட்டருக்கு நீர் அடித்துக்கொண்டு வரும் குமிழி மட்டுமே கிடைக்கும். மற்றதெல்லாம் கரைந்த நிலையில் அதைத் தாண்டிப் போய் மேலே விடுதலை ஆகும். பம்ப் அறையில் பளபளவென்று நிற்கும் அந்தப் பாத்திரத்தைக் காட்டி, இவ்வளவு செலவு செய்தும் புகார் நிற்கவில்லையே என்று அங்கலாய்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பாத்திரத்தின் மேல் குற்றமில்லை.

அதே செபரேட்டர் மொட்டை மாடியில் சில்லர் இருக்கும் கட்டடத்தில் அருமையாக வேலை செய்யும். சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம் காரணமாகக் கூலிங் டவர் வேண்டாத, காற்றால் குளிரும் சில்லர்களை மொட்டை மாடியில் வைப்பது பரவலாக இருக்கிறது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டதைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. அங்கே திரும்பி வரும் 12 டிகிரி நீர், சுற்றில் மிகக் குறைந்த அழுத்தத்திலும் இருக்கிறது, மிக வெதுவெதுப்பாகவும் இருக்கிறது. பம்பின் உறிஞ்சும் பக்கத்துக்கு முன்னால், திரும்பும் குழாயில் செபரேட்டரை வைத்து, அதே இடத்தில் எக்ஸ்பான்ஷன் டேங்கையும் இணைத்துவிட்டால் வேறு கருவி எதுவும் கேட்காது. கையேட்டைப் பார்த்து, சில்லரின் வெளியேறும் பக்கத்தில் வைத்தால் சுற்றிலேயே குளிர்ந்த இடத்தில் அதைக் காவலுக்கு நிறுத்தியது போல் ஆகும்.

வேக்குவம் டீகேசர்

இது சுற்றின் நீரில் ஒரு சிறு பங்கைத் தனியே இழுத்து, ஒரு கலத்தில் வெற்றிடம் உண்டாக்கி, கரைந்த காற்றையே வெளியே எடுத்து, நீரைத் திருப்பி அனுப்புகிறது. இப்படிக் காற்றுப் பசியோடு திரும்பிய நீர், மாடிகளில் தங்கியிருக்கும் குமிழிகளைத் தானே கரைத்துக் கொண்டுவந்து சேர்க்கும். அதனால் கருவி அடித்தளத்தில் இருந்தாலும் உச்சி மாடி சுத்தமாகும். உயர வரம்பு இதற்குப் பொருட்டல்ல. மேக்கப் நீரையும் உள்ளே விடுவதற்கு முன் காற்றைப் பிரித்து அனுப்பும் மாதிரிகள் உண்டு.

குறைகளும் உண்டு. விலை, மின்சாரம், ஒரு சின்னப் பம்ப், மின்சாரத்தில் திறந்து மூடும் சாலனாய்டு வால்வுகள், அவற்றுக்கு உதிரிபாகம். பலன் தெரிய நாள்கள், பெரிய சுற்றாக இருந்தால் வாரங்கள் ஆகும். இன்று பொருத்தி நாளை மேலாளரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்ட முடியாது. சுற்றில் கசிவு இருந்தால் அதற்கு ஓய்வே கிடையாது: ஒரு பக்கம் புது நீர் காற்றைக் கொண்டுவர, இன்னொரு பக்கம் கருவி எடுத்துக்கொண்டே இருக்கும். தண்ணீர் மீட்டரை முதலில் போடச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

யாருக்கு எது

நான்கைந்து மாடி, திறந்த தொட்டி, பழைய கட்டடம் என்றால் செபரேட்டருக்குக் கேட்கும் பணத்தை மூடிய எக்ஸ்பான்ஷன் டேங்குக்குக் கொடுங்கள். அதோடு கைவென்ட், ரைசர் உச்சிகளில் தானியங்கி வென்ட், அவ்வளவு போதும். மொட்டை மாடிச் சில்லர் என்றால் செபரேட்டர், கண்ணை மூடிக்கொண்டு.

உயர்ந்த கோபுரம், அடித்தளச் சில்லர் என்றால் முதலில் அழுத்தத்தைச் சரிசெய்து, கசிவை நிறுத்தி, ஒரு மாதம் கைவென்ட் கணக்கு எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் புகார் அதிலேயே அடங்கிவிடும். அடங்காவிட்டால் டீகேசர் வாங்குவதில் தவறில்லை; அடித்தளத்தில் இன்னொரு செபரேட்டர் வாங்குவதுதான் தவறு. ஒரே வளாகத்தில் நாலைந்து கோபுரங்களைப் பராமரிப்பவர்கள், ஒவ்வொரு சுற்றிலும் இணைப்பு வால்வுகளை மட்டும் போட்டுவைத்துக்கொண்டு, சக்கரம் வைத்த ஒரு டீகேசரைச் சுற்றிக் கொண்டுபோகலாம். கசிவில்லாத சுற்று ஒரு முறை சுத்தமானால் நெடுநாள் தாங்கும்.

மருத்துவமனையில் மட்டும் இன்னொரு கணக்கு. அறுவை அரங்குகளில் ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தக் காற்றை நன்றாகக் குளிரவைத்து நீரைப் பிழிந்துவிட்டு, மறுபடி சற்றுச் சூடாக்கி அனுப்புகிறார்கள். அந்தச் சூட்டுக்கென்று 45, 50 டிகிரியில் ஓடும் சிறிய வெந்நீர்ச் சுற்று இருக்கும். சென்னையில் சூடாக்கும் சுற்று எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். இங்கே வெளிநாட்டுக் கையேடு அப்படியே பொருந்தும்: செபரேட்டர், சூடு கிளம்பும் இடத்தில். 50 டிகிரியில் அதன் உயர வரம்பு ஏறத்தாழ 8 மீட்டர், அதாவது இரண்டு மாடிக்குச் சற்று மேல். வெந்நீர்க் கருவி மொட்டை மாடியிலும் அறுவை அரங்குகள் மேல் தளங்களிலும் இருந்தால் செபரேட்டரே போதும். அரங்கின் சீலிங்குக்கு மேலே தானியங்கி வென்ட் மட்டும் வேண்டாம். வென்ட் குழாயை நீட்டி, காற்றைக் குளிரவைத்து அனுப்பும் இயந்திரம் இருக்கும் ஏ.எச்.யூ. அறைக்கோ வெளித் தாழ்வாரத்துக்கோ கொண்டுவந்து, அங்கே கைவால்வில் முடியுங்கள். அறுவை நடந்துகொண்டிருக்கும்போதும் அரங்குக்குள் ஏணி எடுத்துப் போகாமல் காற்றைத் திறந்துவிடலாம்.